கடன் நொடித்த விவசாயி வீட்டுக் கடன் பெற வழி

சம்பா அறுவடை முடிந்து நெல் காசாகும் தை, மாசி மாதங்களில்தான் கடலூர், சிதம்பரம் வட்டாரக் கிராமங்களில் வீடு கட்டும் பேச்சு எழும். கூரையைப் பிரித்துவிட்டு மெத்தை வீடு கட்ட வேண்டும் என்பது பல குடும்பங்களின் நெடுநாள் ஆசை. கையில் உள்ள பணம் அஸ்திவாரத்துக்கே சரியாகிவிடும். மீதிக்கு வங்கியை நாடும்போது சிலருக்குப் பழைய கடன் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது.

இம்மாவட்ட விவசாயிகள் நொடித்துப் போவதற்கு அவர்கள் மட்டுமே காரணம் அல்ல. 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாத மழையில் பயிர்கள் நீரில் மூழ்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணையாறு கரை புரண்டது. ஒவ்வொரு முறையும் தவணை தவறியவர்கள் உண்டு. வழி தெரியாமல் கோர்ட்டில் ஐ.பி. கொடுத்தவர்களும் உண்டு.

‘இப்படி ஒரு முறை நொடித்தவனுக்கு இனி வீட்டுக் கடன் கிடைக்குமா?’ என்பது இவர்கள் கேட்கும் கேள்வி. கிடைக்கும். ஆனால் மூன்று வேலைகளை வரிசையாக முடிக்க வேண்டும். முதலாவது, பழைய கடனை எழுத்து மூலமாகத் தீர்ப்பது. இரண்டாவது, இழந்த நாணயத்தைச் சிறுகச் சிறுக மீட்பது. மூன்றாவது, வயலின் வருமானம் தாங்கும் அளவுக்கே கடன் கேட்பது. இந்த வரிசையை மாற்றினால் மனு தள்ளுபடியாகும். ஒருவேளை கடன் கிடைத்துவிட்டாலும் வீட்டுக்கு ஆபத்து வரும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்கள் கவனத்துக்கு

கடனைத் திருப்பித் தர முடியாது என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்வதையே நம் பக்கத்தில் ‘மஞ்சள் கடுதாசி கொடுப்பது’ என்கிறோம். சென்னை நகரம் நீங்கலாக மற்ற மாவட்டங்களில் இதற்கான சட்டம் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமாகும். 2016இல் புதிய நொடிப்புச் சட்டம் வந்தபோதிலும், அதில் தனி நபருக்கான பகுதி கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1ந் தேதி முதல் அமலாயிற்று. ஆகவே சாதாரண விவசாயி பழைய சட்டத்தின் கீழ்தான் மனுச் செய்கிறார்.

மனுவைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. கோர்ட் மனுவை விசாரித்து ஒருவரை நொடித்தவர் என அறிவிப்பது முதல் கட்டம். அப்போது அவருடைய சொத்து கோர்ட்டின் பொறுப்புக்கும் ரிசீவரின் கைக்கும் போகிறது. அதன் பிறகு, கோர்ட் குறித்த கெடுவுக்குள் அவர் விடுதலை உத்தரவு கேட்டு மறுபடியும் மனுச் செய்ய வேண்டும். இதுதான் இரண்டாவது கட்டம். அப்படிக் கேட்காமல் விட்டுவிட்டால் முதல் அறிவிப்பையே கோர்ட் ரத்து செய்துவிடலாம். கடன்காரர்கள் பழையபடி வாசலில் வந்து நிற்பார்கள்.

விடுதலை உத்தரவு பெற்றாலும் எல்லாக் கடனும் தீராது. அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி தீராது. மோசடி செய்து வாங்கிய கடன் தீராது. மனைவி மக்களுக்குக் கோர்ட் விதித்த ஜீவனாம்சமும் தீராது. நிலத்தையோ வீட்டையோ அடமானம் பெற்றவர் அந்தச் சொத்தின் மேல் தம் உரிமையை நடத்திக்கொள்ளலாம். முக்கியமாக, நமக்கு ஜாமீன் நின்றவர் விடுபடமாட்டார். நாம் தப்பித்தோம் என்று இருக்கையில் பக்கத்து வயல்காரர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். ஊரில் நாணயம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொரு பிரிவையும் நினைவில் வைக்க வேண்டும். விடுதலை உத்தரவு பெறாத ஒருவர், தாம் அந்த நிலையில் இருப்பதைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் அது குற்றம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 1920இல் எழுதிய தொகை இது. இன்று கடையில் வாங்கும் சில்லறைக் கடன் கூட இதற்குள் வந்துவிடும். ஆகவே ஐ.பி. கொடுத்தவர் வீட்டுக் கடன் பேச்சை எடுக்கும் முன் விடுதலை உத்தரவின் சான்று நகலைக் கோர்ட்டில் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். அந்த நகல் கையில் இல்லாமல் வங்கியின் படி ஏறுவது வீண்.

தள்ளுபடி என்ற சொல்லில் உள்ள குழப்பம்

நொடித்தவர்களில் பெரும்பாலோர் கோர்ட்டுக்குப் போனவர்கள் அல்லர். பயிர்க் கடனோ, டிராக்டர் கடனோ, நகைக் கடனோ கட்ட முடியாமல் விட்டவர்கள். இவர்களுக்குத் ‘தள்ளுபடி’ என்ற சொல்லே பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. இச்சொல்லை மூன்று வேறு காரியங்களுக்கு வழங்குகிறோம்.

முதல் வகை அரசு செய்யும் தள்ளுபடி. தமிழக அரசு 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க் கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2016இல் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு இச்சலுகை கிடைத்தது. 2021 பிப்ரவரியில் அறிவித்த தொகை 12,110 கோடி ரூபாய். மத்திய அரசு 2008இல் வங்கிக் கடன்களுக்கும் ஒரு தள்ளுபடி அறிவித்தது. இவற்றில் விவசாயியின் பாக்கியை அரசு ஏற்றுக்கொள்கிறது. கணக்கு முடிகிறது. ஆனால் மாநில அரசு செய்தவை கூட்டுறவுக் கடன்களுக்கே பொருந்தும். வணிக வங்கியில் வாங்கிய பயிர்க் கடன் அவற்றில் அடங்கவில்லை. ‘எல்லாக் கடனும் போய்விட்டது’ என்று எண்ணி வங்கிக் கணக்கை மறந்தவர்கள் பிறகு வட்டியைப் பார்த்துத் திகைத்தார்கள்.

இரண்டாவது வகை, வங்கி தன் புத்தகத்தில் வாராக் கடனாக எழுதித் தள்ளுவது. இது வங்கியின் கணக்கு முறையே தவிர, விவசாயிக்குச் செய்த தயவு அல்ல. எழுதித் தள்ளிய பிறகும் வங்கி கடனை வசூலிக்கலாம்.

மூன்றாவது வகை, பேசித் தீர்க்கும் சமரசத் தீர்வு. ஒரு லட்சம் பாக்கிக்கு அறுபதாயிரம் கட்டுங்கள், மீதியை விட்டுவிடுகிறோம் என்று வங்கி சொல்வது இது. கடன் தீர்கிறது. ஆனால் பதிவேட்டில் ‘முழுதும் அடைத்தார்’ என்று எழுதாமல் ‘சமரசமாகத் தீர்த்தார்’ என்று எழுதுவார்கள். புதிய கடன் கொடுக்கும் வங்கி இந்த இரண்டையும் ஒரே மாதிரி மதிப்பதில்லை. கொஞ்சம் பணம் கூடுதலாகப் புரட்டி முழுதும் அடைக்க முடியுமானால், வீடு கட்டும் எண்ணம் உள்ளவர் அதையே செய்வது நலம். முடியாதவர் சமரசம் செய்துகொள்வதில் தவறில்லை. ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பயிர்க் கடன் எப்போது வாராக் கடனாகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நெல், உளுந்து போன்ற குறுகிய காலப் பயிருக்குக் கெடு தாண்டி இரண்டு பயிர்ப் பருவம் வரை பொறுப்பார்கள். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம். வீட்டுக் கடனுக்கு இந்தப் பொறுமை கிடையாது. 90 நாள் தவறினால் வாராக் கடன்தான்.

முதலில் பதிவேட்டைப் பாருங்கள்

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் கம்பெனிகள் நம் நாட்டில் நான்கு உள்ளன. சிபில், ஈக்விபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க் என்பன அவை. நாம் எந்த வங்கியில் எவ்வளவு வாங்கினோம், எப்போது தவறினோம், யாருக்கு ஜாமீன் நின்றோம் என்பதெல்லாம் அங்கே ஏறுகிறது. 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். வீட்டுக் கடன் மனுவை வங்கி மேலாளர் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இந்த விவரத்தை நாமும் பார்க்கலாம். 2017 முதல் ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இணையம் பழகிய வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை அயலாரிடம் சொல்லக் கூடாது. ‘பணம் கொடுத்தால் பழைய பாக்கியை அழித்துத் தருகிறேன்’ என்று வரும் தரகர்களை நம்பவே கூடாது. உண்மையான பாக்கியை எந்தத் தரகராலும் அழிக்க முடியாது.

நமக்குத் தெரியாத கடன் நம் பெயரில் இருக்குமா என்று கேட்கலாம். கடலூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆலைகள் வைத்திருந்த திரு ஆரூரான் சர்க்கரைக் கம்பெனி கடனில் மூழ்கி, கம்பெனித் தீர்ப்பாயத்தில் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. தங்களுக்குத் தெரியாமலே ஆலை வழியாகத் தங்கள் பெயரில் வங்கிக் கடன் எடுக்கப்பட்டதாகக் கரும்பு விவசாயிகள் புகார் கூறினர். 2022ஆம் ஆண்டு கடைசியில் திருமண்டங்குடியில் தொடர் போராட்டத்திலும் இறங்கினர். கரும்புக்கு ஒப்பந்தம் போடும்போது பல தாள்களில் கையெழுத்து வாங்குவது வழக்கம். ஆகவே ஆலைக்குக் கரும்பு வெட்டிய ஒவ்வொருவரும் தம் அறிக்கையை ஒரு முறையாவது எடுத்துப் பார்த்துக்கொள்வது நலம்.

அறிக்கையில் தவறு இருந்தால் அந்தக் கம்பெனிக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் அமலாயிற்று. அப்படியும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறை தீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கணக்குகள் எல்லாமே இந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. அறிக்கையில் இல்லை என்பதால் சங்கத்தில் பாக்கி இல்லை என்று பொருள் அல்ல. சங்கச் செயலாளரிடம் பாக்கியில்லாச் சான்றைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

பழைய கடனைத் தீர்க்கும் முறை

வங்கிக்குப் போகத் தயங்கி ஒளிவது கூடாது. மேலாளரைப் பார்த்து, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராத வட்டி எவ்வளவு என்று பிரித்துக் கணக்குக் கேளுங்கள். ஒரே தவணையில் தீர்க்கும் திட்டம் இருந்தால் அதன் நிபந்தனைகளை எழுத்தில் பெறுங்கள். குறித்த நாளுக்குள் முழுத் தொகையும் கட்டாவிட்டால் சலுகை போய்விடும். ஆகவே நெல் பணம் வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கடலூர் மாவட்ட நீதிமன்றத்திலும் சிதம்பரம் முதலிய வட்ட நீதிமன்றங்களிலும் கூடும் மக்கள் நீதிமன்றத்தில் வங்கிக் கடன் விவகாரங்களைப் பேசி முடிக்கலாம். வழக்குப் போடும் முன்பே கூட அங்கே கொண்டு போகலாம். அங்கு ஏற்படும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. கோர்ட்டில் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். பெண்களும், ஆதிதிராவிட, பழங்குடி வகுப்பினரும், வருமானம் குறைந்தவர்களும் சட்டப் பணிகள் குழுவின் மூலம் வக்கீலை இலவசமாகப் பெறலாம்.

கடன் தீர்ந்த அன்றே வேலை முடிந்துவிடவில்லை. கீழ்க்கண்ட தாள்கள் கைக்கு வர வேண்டும்.

1. கடன் கணக்கு முடிந்தது என்ற பாக்கியில்லாச் சான்று.

2. வங்கியில் கொடுத்த மூலப் பத்திரங்கள். முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் இவற்றைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். இவ்விதி 2023 டிசம்பர் 1ந் தேதி முதல் அமலில் உள்ளது.

3. அடமானம் பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் நின்றுகொண்டே இருக்கும்.

4. கோர்ட்டில் வழக்கு இருந்தால், அது முடிந்ததைக் காட்டும் உத்தரவின் நகல்.

இத்தாள்களை ஒரு கோப்பில் வரிசையாக வையுங்கள். பத்து ஆண்டு கழித்தும் இவை உதவும்.

எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்?

அமெரிக்காவில் திவால் ஆனவருக்கு இதில் ஓரளவு தெளிவான விதி உள்ளது. அங்கு அரசு காப்பீடு செய்யும் எப்.எச்.ஏ. வீட்டுக் கடனுக்கு, சொத்தை ஒப்படைத்து விடுதலை உத்தரவு பெற்றவர் பொதுவாக இரண்டு ஆண்டு கழிந்தபின் மனுச் செய்யலாம். நம் நாட்டில் அப்படி எல்லாருக்கும் பொதுவான கெடு இல்லை. ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8ந் தேதி வெளியிட்ட நெறிமுறைப்படி, சமரசமாகக் கடன் தீர்த்தவருக்கு அதே வங்கி மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் பொறுக்க வேண்டும். விவசாயக் கடனுக்கு மட்டும் இந்தக் காலத்தை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்துகொள்ளலாம். எனவே ‘உங்கள் வங்கியில் விவசாயக் கடனைச் சமரசம் செய்தவருக்கு எத்தனை மாதம்?’ என்று மேலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவேட்டில் உள்ள விவரத்தைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்கிறார்கள். அதற்காக ஏழு ஆண்டும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. பழைய தவறுக்குப் பின் வந்த நல்ல வரவுகளும் அதே தாளில் ஏறுகின்றன. அண்மைய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஒழுங்காக இருந்தால் மேலாளர் பேச்சுக்கு இடம் கொடுப்பார்.

நாணயத்தை மீட்பது

இழந்த நாணயத்தைச் சிறிய கடனைக் கெடுவுக்குள் கட்டியே மீட்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடனைக் கெடுவுக்குள் கட்டுபவருக்குத் தமிழகத்தில் வட்டி இல்லை. இதைவிட மலிவான பயிற்சி வேறு இல்லை. வங்கியில் விவசாயக் கடன் அட்டை வைத்திருப்பவர் ஆண்டுதோறும் கெடுவுக்கு முன்பே கட்டிப் புதுப்பித்தால் அது பதிவேட்டிலும் நன்றாகத் தெரியும். மகளிர் குழுக் கடனில் வீட்டுப் பெண்கள் தவறாமல் கட்டி வருவதும் குடும்பத்துக்கு நல்ல சாட்சி.

வருமானத்துக்கும் சாட்சி வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. விவசாயிக்கு என்ன உண்டு? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் உளுந்தோ மணிலாவோ விற்றால் சீட்டு உண்டு. பால் சங்கத்தின் பட்டுவாடாவும், கரும்பு ஆலையின் பில்லும் உண்டு. களத்து மேட்டில் வியாபாரியிடம் ரொக்கத்துக்கு விற்றால் இந்தச் சாட்சி ஒன்றும் மிஞ்சாது. வீடு கட்ட நினைப்பவர் இரண்டு ஆண்டு முன்னதாகவே எல்லா வரவையும் ஒரே வங்கிக் கணக்கில் விழச் செய்ய வேண்டும். சிட்டா, அடங்கல், வருமானச் சான்று ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் காலத்தில் மற்றவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதைத் தவிர்க்கவும். ஒரே மாதத்தில் நாலைந்து வங்கியில் மனுப் போடுவதும் நல்லதல்ல. ஒவ்வொரு விசாரிப்பும் பதிவேட்டில் ஏறி, ‘இவருக்குப் பண நெருக்கடி’ என்ற எண்ணத்தை உண்டாக்கும்.

மகன் அல்லது மனைவியின் கணக்கு சுத்தமாக இருந்தால் அவரையும் சேர்த்து மனுச் செய்யலாம். ஆனால் கடனுக்கு அவரும் முழுப் பொறுப்பாளி ஆகிறார் என்பதை உணர்ந்தே கையெழுத்திட வேண்டும். பழைய நொடிப்பை மறைத்து மனுச் செய்வது மட்டும் வேண்டாம். நடந்ததை நாமே முதலில் சொல்லி, தீர்த்த தாள்களையும் முன்னே வைத்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. புயலால் வந்த நொடிப்பு என்றால், அந்த ஆண்டு அரசு கொடுத்த பயிர் நிவாரணம் கணக்கில் ஏறியதைக் காட்டுங்கள்.

மனை யாருடையது?

கடன் வாங்குபவர் நாணயஸ்தராக இருந்தாலும் மனைக்குப் பத்திரம் சரியில்லாவிட்டால் கடன் இல்லை. தாத்தா பெயரில் பட்டா, பங்காளிகளுக்குள் வாய்மொழிப் பாகம் என்பது நம் கிராமங்களில் சாதாரணம். வாரிசுச் சான்றும் பதிவு செய்த பாகப் பிரிவினையும் முதலில் தேவை. நத்தம் மனைக்குப் பட்டா பெற்றிருக்க வேண்டும். புறம்போக்கு மனையையும், கோயில் இடத்தில் வாடகைக்கு இருக்கும் அடிமனையையும் வங்கியில் அடமானம் வைக்க முடியாது. சிதம்பரம் போன்ற கோயில் ஊர்களின் பக்கத்தில் உள்ளவர்கள் இதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஊராட்சியில் பெற்ற வரைபட அனுமதியும், வீட்டு வரி ரசீதும், வில்லங்கச் சான்றும் மனுவோடு போக வேண்டும்.

குடிசையில் இருப்பவர்கள் கடனுக்கு முன் மானியத்தை விசாரிக்க வேண்டும். மத்திய அரசின் கிராம வீட்டுத் திட்டமும், மாநில அரசு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் கடன் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுப்பவை அல்ல. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தம் பெயர் பட்டியலில் உள்ளதா என்று கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எவ்வளவு கடன் தாங்கும்?

30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம். கொடுப்பார்கள் என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரிப் பாசனத்தில் 3 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். செலவு போக சம்பாவில் ஏக்கருக்கு 25,000 ரூபாய், தரிசு உளுந்தில் ஏக்கருக்கு 8,000 ரூபாய், பாலில் மாதம் 5,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரவு 1,59,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு ஒரு லட்சம் போனால் மிச்சம் 59,000 ரூபாய்.

இக்குடும்பம் 5 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 5,071 ரூபாய். ஆண்டுக்கு 60,852 ரூபாய். மழை பொய்க்காத ஆண்டிலேயே பணம் போதாது. 3 லட்சம் வாங்கினால் மாதம் சுமார் 3,043 ரூபாய். ஆண்டுக்கு 36,516 ரூபாய். சுமார் 22,000 ரூபாய் கையில் நிற்கும். அந்தப் பணம்தான் வெள்ளம் வரும் ஆண்டில் தவணையைக் காப்பாற்றும். ஆகவே இக்குடும்பத்துக்கு ஏற்ற கடன் 3 லட்சமே. மீதிக்கு வீட்டைச் சிறிதாக்கலாம். அல்லது ஓர் அறையை இரண்டு ஆண்டு கழித்துக் கட்டலாம்.

நாணயம் கெட்டவருக்கு வட்டியும் ஏறும். வங்கி மறுத்தபின் தனியார் வீட்டுக் கடன் கம்பெனி 14 சதவீதத்துக்குத் தருவதாகச் சொல்லலாம். 5 லட்சத்துக்கு அப்போது தவணை சுமார் 6,659 ரூபாய். 9 சதவீதத்தைவிட மாதம் 1,588 ரூபாய் கூடுதல். 15 ஆண்டில் 2,85,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இரண்டு ஆண்டு பொறுத்து நாணயத்தை மீட்டபின் வாங்குவது எவ்வளவு லாபம் என்பது இதிலிருந்து விளங்கும்.

தவணை மாதாமாதம் வரும். நெல் பணம் மாதாமாதம் வருவதில்லை. அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை உண்டா என்று மனுச் செய்யும்போதே கேளுங்கள். இல்லையெனில், நெல் பணம் வந்த அன்றே ஆறு மாதத் தவணையைத் தவணைக் கணக்கில் போட்டு வைத்துவிட வேண்டும். மறுபடியும் புயலோ வெள்ளமோ வந்தால், அடுத்த நாளே வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். அரசு கணக்கெடுப்பில் மகசூல் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களில் பயிர்க் கடனைத் தவணைக் கடனாக மாற்றித் தர ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்திருந்தது. இத்தகைய சலுகைகளைக் கேட்காமல் விட்டதாலேயே நொடித்தவர்கள் பலர்.

அடமானத்துக்கு முன் ஒரு வார்த்தை

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. விவசாயி தாம் குடியிருக்கும் சொந்த வீட்டைச் சாதாரணக் கடன் டிக்ரிக்காக ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காப்பளிக்கிறது. உழவுக் கருவிகளுக்கும், பிழைப்புக்குத் தேவையான மாடுகளுக்கும் விதை நெல்லுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஐ.பி. கொடுத்தவருக்கும் இது பொருந்தும். எல்லாம் போனாலும் குடியானவனுக்கு இருக்க இடமும் ஏரும் மிஞ்சட்டும் என்பதே இதன் நோக்கம்.

அந்த வீட்டை நாமே அடமானம் எழுதிக் கொடுத்தால், அடமானம் பெற்றவருக்கு எதிராக இந்தப் பாதுகாப்பு நிற்காது. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாராக் கடனாகிவிட்ட வீட்டுக் கடனுக்கு வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுக்கலாம். விவசாய நிலத்துக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. வீட்டு மனைக்கு இல்லை. முன்பு நொடித்தபோது பயிர் போயிற்று, நகை போயிற்று. வீடு தப்பியது. இம்முறை நொடித்தால் போவது வீடுதான்.

இதைச் சொல்வது வீட்டுக் கடனே வேண்டாம் என்பதற்காக அல்ல. கணக்குப் பார்த்து வாங்கிய கடனில் நல்ல வீடு கட்டிக் குடியேறியவர்கள் இம்மாவட்டத்தில் இருக்கிறார்கள். பழைய கடன் தீர்ந்த தாள்கள் கையில் இருக்கட்டும். இரண்டு ஆண்டு வரவு செலவு கணக்கில் தெரியட்டும். மகசூல் போன ஆண்டிலும் கட்டக்கூடிய தவணையாக இருக்கட்டும். இம்மூன்றும் அமைந்தபின் வங்கிக்குச் செல்லும் விவசாயி தலை நிமிர்ந்து மனுக் கொடுக்கலாம். ஒன்று குறைந்தாலும் அடுத்த அறுவடை வரை பொறுப்பதே நலம்.